என்ஹெதுவன்னாவின் நள்ளிரவு

ரெண்டு நாளாக மனசு முழுக்க என்ஹெதுவன்னாதான். சுமார் 4,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். இன்றைய ஈராக் பகுதியை ஆண்ட அக்காத் பேரரசர் சார்கோனின் மகள். அங்கே ‘ஊர்’ (Ur) என்ற பெயருள்ள நகரத்தில் நிலவுக் கடவுள் நன்னாவின் தலைமைப் பூசாரி. பெயர் தெரிந்த உலகின் முதல் கவிஞர் என்று பலரும் இவரைத்தான் சொல்கிறார்கள்.

இனன்னா தேவிக்கு சுமேரிய மொழியில் அவர் பாடிய துதி 153 வரி. லுகல் அனே என்பவன் கலகம் செய்து அவரைக் கோயிலை விட்டே விரட்டிவிடுகிறான். நன்னாவிடம் முறையிடுகிறார், பதில் இல்லை. தேன் சொட்டிய என் வாய் குழம்பிப்போனது என்று அழுகிறார். அப்புறம் இனன்னா பக்கம் திரும்புகிறார். கடைசியில், நள்ளிரவில் உனக்குச் சொன்னதை நண்பகலில் பாடகன் திரும்பப் பாடட்டும் என்கிறார். பாட்டு பிறந்ததைப் பிரசவம் போலச் சொல்கிறார். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நமக்குக் கிடைத்திருப்பது பல நூற்றாண்டு கழித்து எடுத்த களிமண் பலகைப் பிரதிகள். அதனால் இவரே எழுதினாரா என்று கேட்கும் அறிஞர்களும் உண்டு. சரி, கேட்கட்டும். ஆனால் அவர் வாழ்ந்தது நிஜம். 1927-ல் ‘ஊர்’ நகர அகழாய்வில் உடைந்து கிடைத்த வெள்ளைக் கல் வட்டு ஒன்றில் அவர் உருவம் இருக்கிறது, மடிப்பு மடிப்பான நீண்ட அங்கியோடு. பின்பக்கம் பெயர். அவருக்குத் தலைவாரிவிட்டவரின் முத்திரை கூடக் கிடைத்திருக்கிறது!

அந்தக் கைகள் வாரிய தலைக்குள்தான் அந்த நள்ளிரவு வரிகள் ஓடியிருக்கும்.