பாஸ்கா இரவுக்குப் பீடச் சோடனை

பெரிய வியாழன் இரவே பீடத்துணியை எடுத்துவிடுவார்கள். வெள்ளியன்று பீடம் வெறுமையாகத்தான் நிற்க வேண்டும். ஆகவே பாஸ்கா இரவுக்கு, அதாவது சனி இரவு நடக்கும் உயிர்ப்புத் திருவிழிப்புக்கு, சோடனை செய்யக் கிடைப்பது பெரிய சனியின் ஒரு பகல் மட்டும். அன்று காலையில் எல்லாப் பூவுக்கும் சந்தைக்கு ஓடினால் வேலை கெட்டது. முக்கியமான பூக்கள் அதற்குள் சக்ரீஸ்தில் (பூசைப் பொருள்கள் வைக்கும் அறையில்) வாளி நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நடுத்தரக் கோயிலுக்குப் பீடத்தின் முன் ஒன்று, வாசக மேடையருகே ஒன்று, பாஸ்கா திரிக்கு (அன்றிரவு ஏற்றும் பெரிய மெழுகுதிரிக்கு) ஒன்று என மூன்று சோடனை தாராளம். லில்லி 20 தண்டு, கிளாடியோலஸ் 30, வெள்ளைக் கார்னேஷன் 40, அரேகா பாம் இலை 25, உதிரிச் சம்பங்கி 2 கிலோ. சம்பங்கியை மட்டும் சனி காலை வாங்குங்கள். தோவாளை, நிலக்கோட்டை பூச்சந்தைப் பக்கம் இருப்பவர்களுக்கு அது பெரிய காரியமில்லை. இரவில்தான் அதன் மணம் தூக்கும் என்பதால் திருவிழிப்புக்கு அதைவிடப் பொருத்தமான பூ கிடையாது.

லில்லியை வியாழனே மொட்டாக வாங்க வேண்டும்; அடி மொட்டு நிறம் காட்டியிருந்தால் நம் ஊர் வெயிலுக்குச் சனி மாலை விரிந்துவிடும். இதழ் பிரிந்ததும் உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை விரலால் கிள்ளி எடுத்துவிடுங்கள். அவை வெடித்துப் பொடியானபின் தொட்டால் பீடத்துணியில் மஞ்சள் கறைதான். கறை பட்டால் தண்ணீர் தொடாதீர்கள், தேய்க்கவும் வேண்டாம். செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டு வெயிலில் போடுங்கள். கிளாடியோலஸைப் படுக்க வைத்தால் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும், பிறகு நிமிராது. வாளியில் நிற்கட்டும்.

எந்தத் தண்டானாலும் அடியில் ஓர் அங்குலம் சாய்வாக வெட்டி உடனே தண்ணீரில் விட வேண்டும். நீரில் மூழ்கும் இலைகளை உருவிவிடுங்கள், அழுகினால் தண்ணீரே நாறிவிடும்.

அதிகம் பேர் சொதப்புவது ஒயாசிஸில், அதாவது தண்டுகளைக் குத்தி நிறுத்தும் பச்சை ஸ்பாஞ்சில். அதைத் தண்ணீரில் கையால் அமுக்கக் கூடாது. மேலே மிதக்க விட்டால் இரண்டு நிமிடத்தில் தானே இறங்கும். அமுக்கினால் வெளியே ஈரமாகவும் நடுவில் காய்ந்தும் இருக்கும். அந்தக் காய்ந்த இடத்தில் குத்திய தண்டு காலைக்குள் தலை தொங்கும். ஒருமுறை குத்திய ஓட்டையில் வேறு தண்டைச் செருகாதீர்கள். பழைய ஒயாசிஸை மறுபடி நனைப்பதும் வீண், அது முன்போல் நீர் பிடிக்காது. முதலில் இலையால் வடிவம் போட்டு, பிறகு கிளாடியோலஸ், லில்லி, கடைசியில் இடைவெளிக்குக் கார்னேஷன்.

பூ பீடத்தின் மேல் ஏறக் கூடாது, சுற்றியும் முன்னும்தான். வாசக மேடைச் சோடனை வாசிப்பவரின் முழங்கைக்குக் கீழே நிற்கட்டும். திரித் தாங்கியில்தான் கவனம் அதிகம் தேவை. திரி இருட்டில் பவனியாக வரும். தாங்கியைச் சுற்றிச் சம்பங்கிச் சரத்தை நெருக்கிச் சுற்றிவிட்டால் திரியை நிறுத்தும் குழி எங்கே என்று தட்டுத் தடுமாற வேண்டியிருக்கும். குழியின் விளிம்பிலிருந்து ஒரு சாண் விட்டுக் கீழே கட்டுங்கள். திரியைச் சுற்றிவந்து தூபம் காட்ட ஓர் ஆள் போகும் வழியும் வேண்டும். மாலையில் விளக்கை எல்லாம் அணைத்து, ஒரு வெறுந்திரியோடு நடந்து பார்த்துவிடுவது நல்லது. நெகிழித் தோரணமும் தெர்மோகோல் கல்லறையும் மெழுகுதிரி ஏந்திய கூட்டத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

வியாழன் இரவு நற்கருணைப் பீடத்துக்கு வைத்த பூவை இங்கே மறுபடி பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். இலையை எடுத்துக்கொள்ளலாம், இரண்டு நாள் விசிறிக் காற்றில் நின்ற பூ பாதிப் பூசையிலேயே உதிரும். விசிறி நேராகப் படும் பக்கம் லில்லிக்குப் பதில் கார்னேஷனை வையுங்கள், தாங்கும்.

ஞாயிறு முதல் பூசைக்கு முன் ஒவ்வொரு ஒயாசிஸுக்கும் அரை லிட்டர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி, தரையில் வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். மார்பிள் தரை வழுக்கும்.