மாசி வேலைகளும் மீட்டர் பெட்டித் தேனீக்களும்

தை கடைசி ஞாயிறன்று சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், திண்ணையில் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினேன். மோட்டார் ரூமில் தொங்கும் பழைய மர மீட்டர் பெட்டியைக் கழற்ற வேண்டும், எருக்குழி அள்ள வேண்டும், தென்னைக்கு வட்டப்பாத்தி எடுக்க வேண்டும், அரை ஏக்கரில் எள் விதைக்க வேண்டும், புளி உலுக்க வேண்டும். மீட்டர் பெட்டி பத்து நிமிஷ வேலை என்பதால் அதை முதல் வரியில் போட்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எழுதறதெல்லாஞ் செரி சாமி, மம்முட்டிக்குப் புடி போடோணுமே, அதைக் காணமே" என்றார்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே எங்களுக்கு மூன்று ஏக்கர். அப்பா இருந்தவரை பண்ணையம் அவருடையது. நான்கு வருஷமாக நான் கோவையிலிருந்து சனி, ஞாயிறு மட்டும் வந்து பார்த்துக்கொள்கிறேன். மாசி பிறந்தால் பனி விலகி வெயில் ஏறுவதற்குள் ஒரு மூன்று, நான்கு வாரம் கிடைக்கும். விடியற்காலையில் தலைக்குத் துண்டு வேண்டும், பதினொரு மணிக்கு மேல் மம்முட்டியைத் தொட முடியாது. வேம்பு பழைய இலையைக் கொட்டிவிட்டுச் செந்தளிர் விட்டுக்கொண்டிருக்கும். கோடை மழை வருவதற்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

முதல் சனிக்கிழமை எருக்குழி. மேலே ஒரு முழம் அள்ளியதுமே வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள். கட்டைவிரல் தடிமன், பழுப்புத் தலை, தொட்டால் அரைவட்டமாகச் சுருண்டுகொள்கின்றன. காண்டாமிருக வண்டின் புழு. போன வருஷம் எங்கள் தென்னையில் விரிந்த மட்டைகள் கத்தரியால் வெட்டிய விசிறி மாதிரி வந்தபோது, பக்கத்துத் தோட்டத்தில் பட்ட மரத்தை வெட்டாமல் விட்டதுதான் காரணம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டுதான் குருத்தைக் குடையும். அதன் புழு வளர்வது மட்கிய எருவிலும் இற்றுப்போன மரத்திலும். வண்டுப் பண்ணை எங்கள் குழியிலேயே நடந்திருக்கிறது. எண்பதுக்கு மேல் எண்ணிவிட்டு எண்ணுவதை விட்டேன். பக்கெட்டில் போட்டு எடுத்துப் போனதும் கோழிகள் சண்டை போட்டுத் தின்றன. மீதி எருவில் தண்ணீர் தெளித்து, மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சணத்தைக் கலந்து விட்டிருக்கிறேன். அது புழுவின் உடம்பில் முளைத்து அதைக் கொல்லும், ஆனால் எரு காய்ந்துவிட்டால் வேலை செய்யாது. அடுத்த வருஷம்தான் பலன் தெரியும்.

வட்டப்பாத்தி பற்றிச் சொல்ல அதிகமில்லை. மரத்தைச் சுற்றி ஆறடி ஆரம், தொண்ணூறு மரம், இரண்டு கூலியாட்கள், மூன்று நாள். நான் தனியாக எடுத்தது பதினொன்று. ஞாயிறு இரவு பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கை மூடவில்லை.

எள்ளுக்கு ஏழு உழவு என்பார்கள், நாங்கள் மூன்றோடு நிறுத்திக்கொண்டோம். அரை ஏக்கருக்கு ஒரு கிலோ விதை. நாலு பங்கு மணல் கலந்துதான் தூவ வேண்டும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். கலந்தும் எனக்கு ஒரே இடத்தில்தான் விழுந்தது. முளைத்தபோது எங்கே நின்று போன் பேசினேன் என்பது வயலில் அப்படியே தெரிந்தது. பதினைந்தாம் நாள் ஒரு சாண் இடைவெளி விட்டு மற்றதைப் பிடுங்கினோம்.

சரி, மீட்டர் பெட்டி. ஸ்குரு டிரைவரோடு போய்க் கதவைத் திறக்கக் கை வைத்தேன். உள்ளே சளசளவென்று மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். ஒயர் நுழையும் ஓட்டை வழியாகத் தேனீ போய் வந்துகொண்டிருந்தது. கதவை ஒரு விரல் அளவு திறந்து பார்த்தேன். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஆறு அடை, பழைய பியூஸ் கட்டையைக்கூட விடாமல் மெழுகு பூசிக் கட்டியிருந்தன. பாறையிலும் உயரமான மரத்திலும் தொங்குகிற மலைத்தேனீ இல்லை, பெட்டியில் வளர்க்கிற அடுக்குத் தேனீ.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ராத்திரி பந்தம் பிடித்துத் தேனை எடுத்துவிடலாம் என்றார். எனக்கு மனசு வரவில்லை. வேளாண் பல்கலைக்கழகத்தில் ஒருநாள் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, வாங்கிய பெட்டியை இரண்டு வருஷமாகப் பரணில் போட்டு வைத்திருந்தேன். நியூட்டன் பெட்டி, கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் இருந்த நியூட்டன் பாதிரியார் நூறு வருஷத்துக்கு முன்னால் நம்மூர்த் தேனீக்கென்று வடிவமைத்தது. கீழ் அறையில் அடை கட்ட ஏழு மரச்சட்டம்.

அடுத்த சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும், தேங்காய் நாரைக் கொளுத்திப் புகை காட்டிவிட்டு, புழுவும் முட்டையும் உள்ள அடைகளை மட்டும் கத்தியால் அறுத்தெடுத்தேன். அடையைச் சட்டத்துக்குள் வைத்து வாழைநாரால் கட்ட வேண்டும். நாரை முன்கூட்டியே நனைத்து வைக்காததால் இரண்டு தடவை அறுந்தது. ஒரு வாரத்தில் தேனீக்களே மெழுகால் ஒட்டிக்கொண்டு நாரைக் கடித்துத் துப்பிவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எனக்கு மூன்று கொட்டு. ஒன்று காது மடலில். பெட்டியை மோட்டார் ரூமுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் பார்த்தால் பெட்டி காலி. எல்லாம் மீட்டர் பெட்டி மூலையில் திரும்பப் போய்க் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ராணி அங்கேயே இருந்திருக்கிறாள். ராணி எங்கேயோ கூட்டமும் அங்கே என்று பயிற்சி நோட்டில் நானே கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அம்மா சமையல் அறையிலிருந்து தீப்பெட்டியைக் கொண்டுவந்தார். குச்சிகளைத் திண்ணையில் கொட்டிவிட்டு, "இதுல புடி" என்றார். கொத்துக்குள் மெல்ல விரலால் விலக்கிக்கொண்டே போனபோது தெரிந்தது: மற்றவற்றைவிட நீளமாக, கருத்த வயிறு, அதற்கு இறக்கை எட்டவில்லை. சுற்றி நின்றவை எல்லாம் தலையை அவள் பக்கமே வைத்திருந்தன. தீப்பெட்டியைத் திறந்து பிடித்தேன், தானாகவே ஏறிவிட்டாள். என் கை நடுங்கியதில் பெட்டியை மூட இன்னொரு கை தேவைப்பட்டது, அது அம்மாவுடையது. தீப்பெட்டியைச் சட்டங்களுக்கு நடுவில் வைத்ததும் கொத்தில் பாதி அரைமணி நேரத்தில் நடந்தே உள்ளே போய்விட்டது. மீதியைச் சீமாற்றால் தள்ளிவிட்டேன். வாசலில் ராணி வெளியே போக முடியாத கேட்டைப் பொருத்தி, பாதிக்குப் பாதி சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். சாயங்காலம்தான் தீப்பெட்டியைத் திறந்துவிட்டது. மூன்றாம் நாள் அம்மா போனில் சொன்னார்: காலில் மஞ்சள் மாவு ஒட்டிக்கொண்டு வந்து இறங்குகின்றனவாம். மகரந்தம் வருகிறது என்றால் உள்ளே குஞ்சு வளர்கிறது என்று அர்த்தம். தென்னையில் பாளைக்குப் பஞ்சமில்லை, அதனால் சாப்பாட்டுக் கவலை இல்லை.

கோழிக் கதையும் உண்டு. பதினொரு முட்டையை அம்மா முறைப்படி அடை வைத்தார்: கூடையில் மணல், அதில் ஓர் இரும்பு ஆணி, கரித்துண்டு, காய்ந்த மிளகாய். இடி இடித்தாலும் முட்டை கெடாதாம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, இடியும் இடிக்கவில்லை. இருபத்தொன்றாம் நாள் பொரித்தது நான்கு, மீதியெல்லாம் கூமுட்டை. ஆனால் கீரி பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று நாங்கள் கைகழுவிய கருங்கோழி, பங்குனி பிறந்த வாரம், தென்னமட்டைப் போருக்குப் பின்னாலிருந்து ஒன்பது குஞ்சுகளோடு வந்து நின்றது. ஆணியும் மிளகாயும் அதற்கு யார் வைத்தார்கள் என்று அம்மாவைக் கேட்டேன். "மூஞ்சியப் பாரு" என்றார்.

புளி போன வருஷம் ஏமாற்றியது, இந்த வருஷம் கிளை தாங்கவில்லை. தார்ப்பாய் விரித்து உலுக்கியதில் ஓட்டோடு நாலு மூட்டை. இரண்டு மூட்டை ஓடு உடைத்தாயிற்று, கொட்டை எடுப்பது இன்னும் பாக்கி. தினமும் மத்தியானம் அம்மா திண்ணையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறார்.

பழைய மீட்டர் பெட்டியை இன்னும் கழற்றவில்லை. மெழுகு வாசனைக்கு வேறொரு கூட்டம் வரலாம் என்று இப்போது அதை விட்டுவைக்கத் தோன்றுகிறது. எறும்பு ஏறாமலிருக்கத் தேன்பெட்டியின் நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருக்கிறேன். கருங்கோழியின் குஞ்சுகள் அதைக் கண்டுபிடித்துவிட்டன. காலையில் நிரப்பினால் மத்தியானத்துக்குள் நான்கும் காலி, அம்மா திட்டிக்கொண்டே மறுபடி ஊற்றுகிறார்.