கொடிச் சட்டையைத் திருப்பிப் போடச் சொன்ன பள்ளி

2010 மே 5 அன்று, கலிபோர்னியாவின் மோர்கன் ஹில் நகரிலுள்ள லைவ் ஓக் உயர்நிலைப் பள்ளியில் மெக்சிக விழாவான சிங்கோ தெ மாயோ கொண்டாடப்பட்டபோது, அமெரிக்கக் கொடி அச்சிட்ட சட்டை அணிந்து வந்த மாணவர்கள் சிலரிடம், அதை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நிர்வாகம் கூறியது. கொடி அவ்வளவு பளிச்சென்று தெரியாத சட்டை அணிந்திருந்த இருவர் மட்டும் வகுப்புக்குத் திரும்ப அனுமதிக்கப்பட்டார்கள். வேறு இருவர் வீட்டுக்குச் சென்றார்கள்.

முந்தைய ஆண்டு இதே நாளில் அங்கே தகராறு நடந்திருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. மாணவர்கள் தரப்பு தொடுத்த வழக்கில், 2014இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், மீண்டும் தகராறு வரலாம் என்ற அச்சத்தை ஏற்றுப் பள்ளியின் பக்கம் நின்றது. 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்க மறுத்துவிட்டது.

ஆனால் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை அணிந்த மாணவர்களின் டிங்கர் வழக்கில், பள்ளி வாசலிலேயே பேச்சுரிமை உதிர்ந்துவிடாது என்று 1969இல் சொன்னதும் அதே உச்ச நீதிமன்றம்தானே! அடிக்க வரக்கூடியவரைக் கட்டுப்படுத்தாமல், அமைதியாகச் சட்டை அணிந்து வந்தவரைத் திருப்பி அனுப்பியதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மெக்சிகக் கொடியின் வண்ணங்களை அணிந்தவர்களை அன்று யாரும் தடுக்கவில்லை; தடுத்திருக்கவும் கூடாது.