கண்டியில் மினெட்டைத் தேடி

கண்டிக்குப் போகிறவர்கள் புத்தரின் பல் வைத்திருக்கும் தலதா மாளிகையைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஏரிக்கரையில் இருக்கும் கலை மண்டபத்துக்குக் கண்டி நடனம் பார்க்கப் போவது வழக்கம். நானும் போனேன். ஆனால் டிக்கெட் வாங்கியது மண்டபத்தைப் பார்க்கத்தான். 1980-களில் அதை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா. மேளம் தொடங்கும்வரை கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1918-இல் இதே ஊரில் பிறந்தவர். அம்மா ஆக்னஸ், இலங்கைப் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். மகளும் லேசுப்பட்டவர் இல்லை. மும்பையில் கட்டடக் கலை படிக்கும்போது காந்தி கைதானதை எதிர்த்த போராட்டத்தில் சேர்ந்தார். கல்லூரியிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்புறம் லண்டனில் படிப்பை முடித்தார். 1948-இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் அவர்தான்.

ஊர் திரும்பியதும் கண்டியின் மலைச்சரிவில் கருணாரத்ன குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டினார். கான்கிரீட்டும் கண்ணாடியும் ஒருபக்கம். தும்பறை வட்டாரத்துப் பாய் நெசவு பதித்த கதவுகளும் ஊர்க் குயவர்கள் சுட்ட ஓடுகளும் மறுபக்கம். கைவினைஞர்களை அலங்காரத்துக்கு என்று கடைசியில் கூப்பிடாமல், கட்டடத்துக்குள்ளேயே அவர்களுக்கு இடம் வைத்தார். ஜெஃப்ரி பாவா கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றதே இந்த வீடு எழும்பிய பிறகு, 1957-இல்தான். இலங்கையின் நவீன கட்டடக் கலை என்றதும் பாவாவின் பெயரை மட்டும் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மறுநாள் காலை ஆட்டோ பிடித்து வட்டப்புளுவ போனேன். 1950-களின் பிற்பகுதியில் அரசு ஊழியர்களுக்காக மினெட் திட்டமிட்ட குடியிருப்பு அது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், ஐரோப்பிய வம்சாவளிப் பறங்கியர் எல்லோரும் சேர்ந்து குடியேறிய இடம். வரைவதற்கு முன்னால் குடிவரப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, அவர்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் அரசு ஊழியருக்கான வீட்டை யார் இப்படிக் கட்டினார்கள்!

இன்று பல வீடுகள் உருமாறிவிட்டன. மாடி ஏறியிருக்கிறது, முற்றத்துக்குக் கூரை வந்திருக்கிறது. எனக்கு வருத்தமில்லை. குடியிருப்பவர்களின் தேவையிலிருந்துதானே அவரே தொடங்கினார்?

ஒரு வாசலில் நின்ற பெரியவரிடம், "ஐயா, இந்த வீட்டை வரைந்தது யாரென்று தெரியுமா?" என்றேன்.

"மினெட் அம்மா. எங்கட அப்பாட்ட எத்தனை பிள்ளையள் எண்டெல்லாம் கேட்டவவாம்," என்று கேற்றைத் திறந்துவிட்டார்.