படப் புத்தகங்களில் ஓடும் கடிகாரம்

இந்தக் கணத்தை ரசிக்கப் பழகு என்று குழந்தைகளுக்குப் புத்தி சொல்லும் படப் புத்தகங்களைப் புரட்டும்போதெல்லாம், அந்தப் புத்திமதி உண்மையில் பக்கத்தில் அமர்ந்து வாசித்துக்காட்டும் பெரியவருக்கானதோ என்ற ஐயம் எனக்கு எழுகிறது. எறும்பு வரிசையைக் கண்டதும் கிளம்பிய காரியத்தை மறந்து குத்தவைத்து உட்கார்ந்துவிடும் நான்கு வயதுக் குழந்தைக்கு நிகழ்காலத்தை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. குழந்தையைக் குழப்புபவை நேற்றும் நாளையும்தான்.

காலத்தைப் பற்றிப் பேசாமலேயே அதை உணர்த்திவிடும் புத்தகங்கள் இருக்கின்றன. மார்கரெட் வைஸ் பிரௌன் எழுதி, கிளெமென்ட் ஹர்ட் படம் வரைந்து, 1947இல் வெளிவந்த ‘குட்நைட் மூன்’ அவற்றுள் ஒன்று. ஒரு முயல்குட்டி படுக்கையிலிருந்தபடி அறையிலுள்ள பொருள்களுக்கெல்லாம் இரவு வணக்கம் சொல்கிறது, கதை அவ்வளவுதான். மணி என்னவென்று வாசகம் ஓரிடத்திலும் சொல்வதில்லை. ஆனால் படங்களை உற்றுப் பார்த்தால், கடிகார முள் 7 மணியிலிருந்து 8.10க்கு நகர்ந்திருப்பதும், ஜன்னலில் நிலா மேலேறுவதும், அறை சிறிது சிறிதாக இருண்டுகொண்டே போவதும் தெரியும். குழந்தையோ இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, வண்ணப் பக்கங்களில் இடம் மாறிக்கொண்டேயிருக்கும் சுண்டெலியைத் தேடும். அது அகப்படும்வரை பக்கத்தைத் திருப்ப விடாது. தூங்கவைக்கும் அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது பெரும் சோதனை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அடங்கிவிடுகின்றன; அச்சுத்தாளை மடிக்கும் கணக்கில் வந்த அளவு அது. அதற்குள் காலத்தை எப்படியெல்லாம் இழுக்கலாம் என்பதற்கு மாரிஸ் செண்டாக்கின் ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ (1963) நல்ல சான்று. கோபித்துக்கொண்ட சிறுவன் மேக்ஸ், வாரங்களும் ஏறத்தாழ ஓராண்டும் கடல் கடந்து போய்த் திரும்புகிறான். அறையில் அவனுக்காக வைத்திருந்த உணவு இன்னும் ஆறவில்லை. இந்தக் கணக்கு எப்படிச் சரியாகும் என்று கேட்பவர்கள் பெரியவர்கள்தாம். கடல் கடந்த இடத்தில் காணும் விலங்குகளோடு அவன் கூத்தடிக்கும் பக்கங்களில் எழுத்தே கிடையாது என்பதால், அங்கே எவ்வளவு நேரம் தங்குவது என்பதைக் குழந்தையே தீர்மானித்துக்கொள்கிறது.

டால்ஸ்டாயின் கதையைத் தழுவி ஜான் ஜே. மூத் 2002இல் வெளியிட்ட ‘த த்ரீ கொஸ்டின்ஸ்’ வேறு வகை. முக்கியமான நேரம் இதுவே என்பதை முதிய ஆமை இறுதியில் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. நீர்வண்ணப் படங்கள் அழகானவை. ஆனால் சிறுவன் ஆமைக்காக மண்ணைக் கொத்திக் கொடுத்து, காயம்பட்ட பாண்டாவைத் தூக்கிவரும் பக்கங்களே விடையைச் சொல்லி முடித்துவிட்டதால், அந்த விளக்கம் எனக்கு மிகையாகவே படுகிறது.

எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘த ஸ்னோயி டே’ (1962) இதே பொருளை விளக்கமில்லாமல் கையாள்கிறது. நாளைக்கு வேண்டுமென்று பீட்டர் ஒரு பனி உருண்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வருகிறான். பிறகு பார்த்தால் பை காலி. அவன் வருந்துகிறான், யாரும் ஆறுதல் சொல்லவில்லை, ஆசிரியரும் சொல்லவில்லை. இந்த வகைப் புத்தகம் வாங்கும்போது நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அங்கே ஓர் உபதேசம் உட்கார்ந்திருந்தால், படங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவேன்.