ஐடி ரிட்டர்ன் கிளையன்ட் கைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும்

நான் அசோக் நகர் பக்கம் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், 2014ல சேர்ந்தேன், சாரையும் சேர்த்து மொத்தமே நாலு பேருதான். வருஷத்துக்கு முன்னூறு பேருக்கு மேல ரிட்டர்ன் போடுறோம், முக்கால்வாசி சம்பளக்காரங்க, பென்ஷன்காரங்க, மிச்சம் கடை வச்சிருக்கவங்க. ரிட்டர்ன் எப்படி போடணும்னு சொல்லித்தர நிறைய பேர் இருக்காங்க, போட்டு முடிச்சத கிளையன்ட்கிட்ட எப்படி ஒப்படைக்கணும்னு எனக்கு யாரும் சொல்லித்தரல. 2025 சீசன்ல அந்த வேலைய மட்டும் தனியா என் பொறுப்புல எடுத்து செஞ்சேன், என்ன செஞ்சோம் எங்க இடிச்சுதுன்னு எழுதுறேன், எங்கள மாதிரி ஆபீஸ்ல இருக்கவங்களுக்கு உதவும்.

முன்னாடி எல்லாம் எப்படின்னா, ஃபைல் ஆனதும் போர்ட்டல்ல வர்ற பிடிஎஃப வாட்ஸ்அப்ல தட்டிவிட்டு "ஃபைல் பண்ணியாச்சு சார்"னு ஒரு மெசேஜ், அவ்ளோதான். அதுல என்ன தப்புன்னு 2024 அக்டோபர்லதான் எங்களுக்கு உறைச்சுது. போரூர்ல இருந்து ஒரு அண்ணா வருவாரு, சாஃப்ட்வேர் கம்பெனி, ஜூலைலயே அவருக்கு ரிட்டர்ன் போட்டாச்சு, பிடிஎஃபும் அனுப்பியாச்சு. ஹோம் லோனுக்கு அத கொண்டு போய் குடுத்திருக்காரு, பேங்க்ல ஒரு ஆபீசர் மேல இருக்குற தலைப்ப படிச்சுட்டு "சார் இது வெரிஃபிகேஷன் ஃபார்ம், அக்னாலெட்ஜ்மென்ட் இல்ல, நீங்க இன்னும் இ-வெரிஃபை பண்ணவே இல்ல"ன்னு திருப்பி குடுத்துட்டாங்க. இ-வெரிஃபைன்னா, போட்ட ரிட்டர்ன் என்னோடதுதான்னு ஓடிபி மாதிரி ஏதாவது ஒண்ணு வச்சு உறுதி பண்றது. ரெண்டும் பாக்க கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், வெரிஃபை பண்றதுக்கு முன்னாடி டவுன்லோட் பண்ணா வெரிஃபிகேஷன் ஃபார்ம்னு வரும், பண்ணதுக்கு அப்புறம்தான் அக்னாலெட்ஜ்மென்ட்னு வரும். அவருக்கு அது எப்படி தெரியும்? ஓடிபி வரல அப்புறம் பண்றேன்னு அன்னைக்கு சொல்லியிருக்காரு, நாங்க குறிச்சு வைக்கல, அவரும் மறந்துட்டாரு.

முன்னாடி வெரிஃபை பண்ண 120 நாள் டைம் இருந்துச்சு, 2022 ஆகஸ்ட்ல இருந்து 30 நாள்தான். அந்த 30 நாள் தாண்டி வெரிஃபை பண்ணா, வெரிஃபை பண்ற தேதியத்தான் ஃபைல் பண்ண தேதியா எடுத்துப்பாங்க. அப்போ ஜூலைல போட்ட ரிட்டர்ன் அக்டோபர்ல போட்டதா ஆயிடும், டியூ டேட் ஜூலை 31 தாண்டிடுச்சுன்னு லேட் ஃபீஸ் 5000. ஒழுங்கா நேரத்துக்கு பேப்பர் எல்லாம் குடுத்த மனுஷனுக்கு 5000 தண்டம், அவரு ரீஃபண்ட்ல இருந்து கழிச்சுதான் வந்துச்சு. நல்லவேளை அவரு நியூ ரெஜிம், அதாவது புது வரி முறை, கழிவெல்லாம் நிறைய கேக்குற ஓல்ட் ரெஜிம் வேணும்னா டியூ டேட்டுக்குள்ள போட்டிருக்கணும்ல, அது போயிருந்தா நஷ்டம் இன்னும் பெருசா இருந்திருக்கும். சார் அந்த 5000த்த ஆபீஸ்ல இருந்து குடுத்தாரு, அண்ணாவும் பெரிய மனசோட விட்டுட்டாரு, ஆனா அன்னைக்கு சார் சொன்னது, "ஃபைல் பண்ணது நம்ம கணக்குல முடிஞ்சிருக்கும்மா, அவரு கையில சரியான பேப்பர் போகலையே, அவரு கணக்குல எப்படி முடியும்?" அதுல இருந்துதான் இது ஆரம்பிச்சுது.

மொதல்ல நான் செஞ்சது ஒரு நோட்டு. ஆமா பேப்பர் நோட்டுதான், எக்செல் இருக்கு ஆனா நோட்டு மேசை மேல திறந்தே கிடக்கும், போறவங்க வர்றவங்க கண்ணுல படும். பேரு, ஃபைல் பண்ண தேதி, அதுல இருந்து 30வது நாள், வெரிஃபை ஆச்சா, கவர் போச்சா, யாரு வாங்கினா, கையெழுத்து. வெரிஃபை கட்டம் காலியா இருந்தா கவர் வெளிய போகக்கூடாது, இது ஒண்ணுதான் ரூல்.

வயசானவங்களுக்கு வெரிஃபை பண்றதுதான் பெரிய பாடு. ஆதார் ஓடிபி ஆதாரோட லிங்க் ஆன நம்பருக்குத்தான் போகும், பாதி பேருக்கு அது பழைய நம்பரு, இல்ல பையன் நம்பரு, பையன் துபாய்ல தூங்கிட்டு இருப்பான். ஃபோன்ல கேட்டா "ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்களேம்மா"ன்னு கேப்பாங்க, அவங்க சொல்றது ரொம்ப சரி, அத மாத்த சொல்ல எனக்கு மனசு வரல, இவ்ளோ மோசடி நடக்குற நேரத்துல ஃபோன்ல ஓடிபி கேக்குற பழக்கத்த நாமளே பழக்கி விடக்கூடாது. அதனால சனிக்கிழமை காலைல ஆபீசுக்கு வரச்சொல்லி எதிர்ல உக்கார வச்சு அவங்க கையாலயே அடிக்க வச்சோம், நெட் பேங்கிங் இருக்கவங்களுக்கு அது வழியா. எதுவும் முடியாத சிலருக்கு மட்டும் ஃபார்ம பிரிண்ட் எடுத்து நீல மையில கையெழுத்து வாங்கி ரிட்டர்ன் எல்லாத்தையும் பிராசஸ் பண்ற டிபார்ட்மென்ட் ஆபீஸ், பெங்களூர் சிபிசிக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புனோம்.

அடுத்தது கவருக்குள்ள என்ன போகணும். இதுக்குத்தான் நிறைய யோசிச்சோம். ஷேர், வீடு வித்த லாபம் இருக்கவங்க போடுற ஐடிஆர்-2ன்னா ஃபார்ம் மட்டுமே பக்கம் பக்கமா ஓடும், அத அப்படியே குடுத்தா யாரும் படிக்க மாட்டாங்க, பரண்ல போட்டுருவாங்க. அதனால மொதல் பக்கமா ஒரே ஒரு தாள், முழுக்க தமிழ்ல, பெரிய எழுத்துல. பென்ஷன் இவ்ளோ, வட்டி இவ்ளோ, மொத்தம் இவ்ளோ, வரி இவ்ளோ, ஏற்கனவே புடிச்சது இவ்ளோ, திரும்ப வர்றது இவ்ளோ, எந்த பேங்க் அக்கவுண்ட்டுக்கு வரும்னு கடைசி நாலு நம்பர். கீழ, இன்னைய தேதி வரைக்கும் வெரிஃபை ஆகிடுச்சு, இனிமே சிபிசில இருந்து 143(1)னு ஒரு மெயில் வரும், பயப்படாதீங்க அது நோட்டீஸ் இல்ல, நாம போட்டதும் அவங்க கணக்கும் ஒத்துப்போகுதான்னு சொல்ற லெட்டர், அத எங்களுக்கு அனுப்புங்க. இந்த ஒரு வரி சேர்த்ததுல எங்களுக்கு வர்ற ஃபோன் பாதியா குறைஞ்சுது, முன்னாடி எல்லாம் "இன்கம்டேக்ஸ்ல இருந்து ஏதோ வந்திருக்கும்மா"ன்னு நடுங்கிட்டே கூப்பிடுவாங்க, பாவமா இருக்கும்.

அதுக்குப் பின்னாடி அக்னாலெட்ஜ்மென்ட், கம்ப்யூடேஷன் (வருமானத்தையும் வரியையும் கணக்கு போட்ட தாள்), வரி கட்டியிருந்தா சலான், அப்புறம் முழு ஃபார்ம், கடைசியா புடிச்ச வரியையும் வருமானத்தையும் டிபார்ட்மென்ட் தன் பக்கம் பதிஞ்சு வச்சிருக்குற 26ஏஎஸ்ஸும் ஏஐஎஸ்ஸும். கம்ப்யூடேஷன மேல வச்சதுக்கு காரணம் இருக்கு, பேங்க்லயும் சரி, அமெரிக்கால இருக்குற பொண்ணப் பாக்க விசாவுக்காக ஜெமினி பாலத்துகிட்ட இருக்குற அமெரிக்கன் கான்சுலேட்டுக்கு போறவங்களுக்கும் சரி, மூணு வருஷ ஐடிஆர்னு எடுத்து வைக்கிறப்போ அவசரத்துல தேடுறது அக்னாலெட்ஜ்மென்ட்டும் கம்ப்யூடேஷனும்தான்.

பிடிஎஃப் எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து ஒரே ஃபைலா மெயில்ல அனுப்புனோம். வாட்ஸ்அப்ல அனுப்புறத நிறுத்தினதுக்கும் ஒரு சம்பவம் இருக்கு, எங்ககிட்ட ஒரே பேரு ஒரே இனிஷியல்ல ரெண்டு பேர் இருக்காங்க, ஒருத்தர் பல்லாவரம் ஒருத்தர் பெரம்பூர், பல்லாவரத்தாரோட கம்ப்யூடேஷன் ஒருதடவ பெரம்பூருக்கு போயிடுச்சு, அனுப்புனது நான்தான். ஒருத்தரோட சம்பளம், சேமிப்பு, பான் நம்பர் எல்லாம் இன்னொருத்தர் ஃபோன்ல. ரெண்டு பேர்கிட்டயும் நானே ஃபோன் பண்ணி சொல்லி மன்னிப்பு கேட்டேன், அந்த ராத்திரி தூக்கம் வரல. இப்போ ஃபைல் பேருல எங்க சீரியல் நம்பரும் வருஷமும் மட்டும்தான், பான் போடுறதில்ல, பாஸ்வேர்ட் இல்லாம எதுவும் போகாது. பாஸ்வேர்ட் என்ன வைக்கலாம்னு பேசுனப்போ, 143(1) லெட்டர திறக்குறதுக்கு டிபார்ட்மென்ட் வச்சிருக்குற அதே முறை, பான் நம்பர் சின்ன எழுத்துல, ஒட்டி பிறந்த தேதி, அதையே வச்சோம். ஏன்னா எப்படியும் அந்த லெட்டருக்கு அத தெரிஞ்சுக்கணும், புதுசா ஒண்ணு குடுத்தா மறந்துட்டு மறுபடி எங்ககிட்டதான் வருவாங்க. இத நேர்ல சொல்லித்தருவோம், மெயில்ல எழுத மாட்டோம்.

ஒரிஜினல் பேப்பர் விஷயம் இத விட முக்கியம். எங்க ஆபீஸ் கிரவுண்ட் ஃப்ளோர். 2015 டிசம்பர் ஆரம்பத்துல அடையாறு பொங்குனப்போ ஆபீஸுக்குள்ள இடுப்பளவு தண்ணி, கீழ் ரெண்டு தட்டுல இருந்த ஃபைல் எல்லாம் கூழாயிடுச்சு. ரிட்டர்ன் காப்பிய போர்ட்டல்ல இருந்து திரும்ப எடுத்துக்கிட்டோம், ஆனா ஜனங்க நம்பி குடுத்து வச்சிருந்த எல்ஐசி பாண்டு, வீட்டுப் பத்திர ஜெராக்ஸ், ஒரு அம்மாவோட வீட்டுக்காரர் கையெழுத்து போட்ட பழைய டெபாசிட் ரசீது, அதெல்லாம் எங்க போய் எடுக்குறது. அந்தம்மா திட்டக்கூட இல்ல, ரசீத வெயில்ல காயவச்சு பாத்தாங்க. அதனால ஒரிஜினல் எல்லாம் லிஸ்ட் போட்டு கவர்லயே திருப்பி, கையெழுத்து வாங்கிடணும், தீபாவளிக்கு முன்னாடி ஆபீஸ்ல ஒரு ஒரிஜினல் கூட இருக்கக்கூடாதுன்னு வச்சோம். ஃபீஸ் பாக்கி இருந்தாலும் பேப்பர புடிச்சு வைக்கிறதில்ல. சில இடத்துல அப்படி செய்றாங்க, அது எனக்கு சுத்தமா ஒத்துக்காது, அது அவங்க பொருள்.

2025ல டியூ டேட் ஜூலை 31ல இருந்து செப்டம்பர் 15க்கு தள்ளிப்போச்சு, கடைசி நேரத்துல இன்னொரு நாள் சேர்த்து 16. அதனால கடைசியா போட்டவங்களுக்கு வெரிஃபை கெடு அக்டோபர் 16, தீபாவளி 20. நவராத்திரிக்கு கொலு வைக்கக்கூட நேரமில்ல. பிரவுன் கவர் ஒத்து வராதுன்னு பட்டன் வச்ச பிளாஸ்டிக் ஃபோல்டர் ரங்கநாதன் தெரு பக்கம் மொத்தமா வாங்கினோம், மழைல கொண்டு போறதுக்கு அதுதான் சரி. தூரத்துல இருக்கவங்களுக்கு கொரியர், பக்கத்துல இருக்கவங்களுக்கு எங்க ஆபீஸ் தம்பி வண்டில.

நான் எதிர்பார்க்காத ஒண்ணு நடந்துச்சு. மேற்கு மாம்பலத்துல ஒரு ரிட்டயர்டு ஹெச்எம் அம்மா, ஆகஸ்ட்ல அந்த தமிழ் தாள மாதிரிக்கு அவங்ககிட்ட காட்டி எழுத்து தெரியுதான்னு கேட்டேன், அவங்க கணக்கையே டிராஃப்டா போட்டிருந்தேன், இன்னும் ஃபைல் பண்ணல. கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியா விரல் வச்சு படிச்சாங்க, வட்டிகிட்ட நின்னுட்டாங்க. "இதுல போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் வட்டி சேரலையே கண்ணு, மூணு மாசத்துக்கு ஒருக்கா வருதே." பாஸ்புக்க பாத்தா ஆமா, சேரல, அவங்க எங்களுக்கு குடுத்த பேப்பர்ல அது இல்ல, நாங்களும் கேக்கல. எத்தனையோ வருஷமா அவங்க ரிட்டர்ன் போடுறோம், இப்பத்தான் மொத தடவையா அவங்க அத படிச்சிருக்காங்க.

அன்னைல இருந்து அந்த தாள ஃபைல் பண்றதுக்கு முன்னாடியே ஒருதடவ குடுக்குறோம், படிச்சு ஓகே சொன்னாத்தான் சப்மிட். வேலை கூடத்தான் செய்யுது, சீசன்ல ஒவ்வொரு ஆளுக்கும் கால் மணி நேரம் கூட ஆகுது, சார் மொதல்ல முடியுமாம்மான்னு யோசிச்சாரு, ஆனா பதினோரு பேர் ஏதாவது ஒரு திருத்தம் சொன்னாங்க.

அக்டோபர் 18 சனிக்கிழமை சாயங்காலம் மழைல கடைசி ஃபோல்டர் ஹெச்எம் அம்மா வீட்டுக்கு நானே கொண்டு போனேன். வாங்கிட்டு உள்ள போய் மஞ்சள் எடுத்துட்டு வந்து ஃபோல்டர் மூலைல வச்சாங்க, அப்புறம் நோட்டுல கையெழுத்து போட பேனா கேட்டாங்க.