ஜீப் போன ரோடு

நவம்பர் 28, உத்தமபாளையம்

சபரிமலைக்கு நடக்கிறோம். ராத்திரிக்கு மண்டபத்தில் இடம் கிடைத்தது. அம்மா படுத்ததும் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

நவம்பர் 29, கம்பம்

காலையிலிருந்தே மேகம் இறங்கிக் கிடக்கிறது. புயல் மெட்ராஸ் பக்கம்தானாம், நமக்குச் சாரலோடு போய்விடும் என்று டீக்கடையில் சொன்னார்கள்.

ரோட்டோரம் இரண்டாம் போக நடவு நடக்கிறது. நடவைக் கண்டால் அம்மாவுக்குக் கால் நின்றுவிடும். "நாத்து முத்திப்போச்சு" என்று யாரோ ஒருவர் வயலுக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டு நடந்தாள். எதிரே வருகிறவர்களிடமெல்லாம் முல்லைப் பெரியாறு டேமில் எத்தனை அடி என்று விசாரிப்பு. எங்களுக்கு ஒரு சென்ட் வயல் கிடையாது. ஆனால் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகமும் அவள் பேரில்தான் பட்டா ஆகியிருக்கிறது என்று நினைக்கிற மாதிரி கேட்கிறாள். 142 அடி தேக்கலாம் என்று 2014-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அவள் இன்னும் பழைய 152 அடியை விடவில்லை.

ஒரு திராட்சைத் தோட்டக்காரர் கும்பிட்டார். மழை வந்தால் பழம் வெடித்துவிடும், வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். நெல்லுக்கு மழை வேண்டும், திராட்சைக்கு ஆகாது. அம்மா ரெண்டு பேருக்கும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

மாலை போட்டதிலிருந்து என்னை 'டி' போட முடியாமல் தவிக்கிறாள். "சாமி, வாய மூடிட்டு வாங்க சாமி." இப்படித் திட்டு வாங்கியது இல்லை.

கட்டு நிறைத்தபோது அவள் இரண்டு நெய்த்தேங்காய் வைத்தாள். ஒன்று அவளுக்கு. இன்னொன்று யாருக்கு என்று குருசாமி கேட்டார், நானும் கேட்டேன். நெய் சிந்தாமல் கார்க் அடைப்பதிலேயே கவனமாக இருந்தாள்.

நவம்பர் 30, லோயர் கேம்ப்

கூடலூரில் அன்னதானம். வரிசையில் நின்றிருந்தோம். ஐந்தாறு வயசுப் பையன் ஒருத்தனை அவன் அம்மா தள்ளிவிட்டாள், "பாட்டிசாமி கால்ல விழு" என்று. விழுந்து தொட்டு எழுந்தவன் கையைக் கண்ணில் ஒற்றப் போய் நிறுத்திவிட்டான். விரலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ரத்தம்.

அம்மா சாம்பாரில் காய் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே, எட்டணா அகலத்துக்குத் தோல் கழன்று மடிந்திருக்கிறது. உள்ளே சின்ன ஜல்லித் துணுக்கு. எங்கே குத்தியது? சின்னமனூரா, நேற்றா, இன்றைக்கா? அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் எனக்குப் பயம். போன வருசம் டாக்டர் நைலான் இழை ஒன்றை வைத்துப் பாதத்தில் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்தால் சொல்ல வேண்டும். அம்மா எல்லாவற்றுக்கும் "தெரியுது" என்றாள். அவர் தொடாதபோதும் தெரிந்தது. வெறுங்காலோடு வீட்டுக்குள்ளேகூட நடக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு என் பையில்தான் இருக்கிறது. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டால் வலி வராது, வலி வராவிட்டால் யாரும் காலைப் பார்க்க மாட்டார்கள், அதற்குள் சீழ் எலும்புக்குப் போய்விடும். எங்கள் தெருவிலேயே இரண்டு பேருக்கு விரல் இல்லை. இரண்டு பேருமே "சின்னப் புண்ணுதான்" என்று சொன்னவர்கள்.

கழுவி, மருந்து போட்டு, துணி சுற்றினேன். கேன்வாஸ் ஷூவை எடுத்து நீட்டினேன். பார்த்தாள். "நாப்பது வருசம் அட்டக் கடியில நின்ன காலு இது" என்றாள். ஷூவை என் பைக்குள்ளேயே திருப்பி வைத்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறுகிறதாம். குழாய் வழியே தண்ணீர் பவர்ஹவுசுக்கு இறங்குகிற மலையே தெரியவில்லை.

டிசம்பர் 1, குமுளி

லோயர் கேம்பில் ஆறு மணிக்குக் கிளம்பினோம். பாலிதீன் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டு, அதன் மேல் இருமுடி. எனக்கும் அவளே மடித்துக் கொடுத்தாள். என் ரெயின்கோட் முதல் வளைவிலேயே ஒழுகியது. சாக்கு ஒழுகவில்லை.

இந்த ரோட்டை அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். ஆனால் நடந்து தெரியாது. விடிவதற்கு முன்னால் கம்பத்தில் ஜீப் ஏறி, பதினெட்டு இருபது பேர் ஒருவர் மடியில் ஒருவராக, தூக்குச்சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போய், செடியின் தூரில் குந்தி, தரையோடு கிடக்கிற சரத்தில் காய் எடுத்து, இருட்டிய பிறகு திரும்புகிற ரோடு. "ஜீப்புல போகும்போது இவ்வளவு மேடு தெரியல சாமி" என்று மட்டும் சொன்னாள்.

மாதா கோயில் வளைவு தாண்டியதும் நின்றாள். சேலை தெப்பமாக நனைந்திருந்தது, ஆனாலும் நெற்றியில் இருந்தது வியர்வை என்று தெரிந்தது. கை நடுங்கியது. மிஷினில் பார்த்தால் 61. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு பாதி இட்லியோடு எழுந்திருக்கிறாள், மீதியை நாய்க்கு வைத்திருக்கிறாள். சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்து, கடலைமிட்டாயும் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பக் குத்தினேன். 84. மேலேயிருந்து வந்த பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, கீழே போகிறீர்களா என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அம்மா என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

இரைச்சல் பாலம். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் கேட்காது. அங்கே கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்று என்னவோ சொன்னாள். கேட்கவில்லை என்றேன். காதருகே வந்து சொன்னாள்: "இங்கனதான் வண்டி பெரண்டுச்சு. அவ எம்மடியிலதான் ஒக்காந்திருந்தா."

யார் என்று கேட்டேன். "ஒன்ன மாதிரிதான். பள்ளிக்கூடத்த விட்டுட்டு வந்தவ."

எனக்குத் தெரிந்து வீட்டில் இந்தக் கதையை யாரும் பேசியதில்லை. அப்பாவுக்காவது தெரிந்திருக்குமா?

டிசம்பர் 2, வண்டிப்பெரியாறு

ஜீப்பில் வந்தோம். அவளும் மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "அம்மே, இனி நடக்கண்டா" என்றாள். அம்மா மலையாளத்திலேயே பதில் சொல்லி அவளைச் சிரிக்க வைத்து, ஒரு பட்டை மாத்திரை கூடுதலாக வாங்கிக்கொண்டாள். தோட்டத்து மலையாளம், அதில் பாதி கங்காணி பாஷை.

சத்திரம் பாதையை மூடிவிட்டார்கள். இங்கிருந்து சத்திரம், அங்கிருந்து உப்புப்பாறை, புல்மேடு வழியாகச் சன்னிதானம் 12 கிலோமீட்டர், முழுக்கக் காடு. மழையில் விட மாட்டார்களாம். லாட்ஜ் வாசலில் சில சாமிகள் கூச்சல் போட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. 2011 ஜனவரி 14-ம் தேதி ராத்திரி, ஜோதி பார்த்துவிட்டு இறங்கிய கூட்டத்தில் நூறு பேருக்கு மேல் செத்தது அந்தப் புல்மேட்டில்தான். நம் ஊர்ப் பக்கத்து ஆட்களும் உண்டு. மூடட்டும்.

டிசம்பர் 3

மழை. மழை. துணி எதுவும் காயவில்லை. அறை முழுக்க ஈரச் சாக்கு நாற்றம்.

பஸ்ஸில் பம்பைக்குப் போய்விடலாம், அங்கே டோலி கிடைக்கும் என்று பேச்செடுத்தேன். "நாலு பேரு தூக்கிட்டுப் போறது ஒரு தடவ போதும் சாமி."

பேசாமல் வீட்டுக்குத் திரும்பினால் என்ன? எனக்கு ஐம்பது முடியட்டும் என்று காத்திருந்தாளாம். நான் காத்திருக்கச் சொல்லவில்லையே. தெருவில் எத்தனை பாட்டிகள் போய் வந்தார்கள், அவர்களோடு போயிருக்கலாம், காலும் அப்போது நன்றாக இருந்தது. ஒரு தேங்காய்க்காக அவள் விரலைக் கொடுக்க நான் துணை போக வேண்டுமா? கோபத்தோடு எழுதுகிறேன். பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து, அவள் இரண்டு தேங்காயையும் காதருகே வைத்து ஆட்டி நெய் கசிந்திருக்கிறதா பார்க்கிறாள்.

சாயங்காலம் புண்ணைப் பார்த்தேன். ஓரம் காய்ந்திருக்கிறது. சிவப்பு பரவவில்லை. வீக்கம் இல்லை. நாளைக்கும் இப்படியே இருந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். எதற்குச் சொன்னேன்!

டேமில் எத்தனை அடி என்று லாட்ஜ்காரரிடம் கேட்டிருக்கிறாள். அவர் மலையாளி. முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

டிசம்பர் 4, காலை 5.20

மழை விட்டிருக்கிறது. பாதையைத் திறக்கிறார்களாம், சத்திரத்தில் ஏழு மணிக்கு மேல் விடுவார்களாம். சுகர் 131. இட்லி மூன்றையும் நான் பார்க்கத் தின்றாள். அட்டைக்கு இரண்டு உப்பு முடிச்சு கட்டியாகிவிட்டது. ஜீப்காரரிடம் ஆளுக்கு எவ்வளவு என்று பேரம் நடக்கிறது, ஜன்னலில் கேட்கிறது. ஷூ இங்கே என் கட்டிலடியில் கிடக்கிறது. கீழே போய்ச் சண்டை போட வேண்டும்.